செவ்வாய்ப் பாறையில் ஒரு நவஹோச் சொல்

2021 பிப்ரவரி 18ஆம் தேதி நாசாவின் 'பெர்சிவரன்ஸ்' என்கிற ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது. ஆறு சக்கரம், ஒரு டன் எடை, துளையிடுவதற்கு ஒரு கை. பாறையைத் துளைத்துச் சாக்பீஸ் அளவுக்கு ஒரு துண்டு எடுத்து, உலோகக் குழாயில் போட்டு மூடி வைப்பது அதன் வேலை. பின்னால் வேறொரு கலம் போய் அந்தக் குழாய்களைப் பூமிக்குக் கொண்டுவரும் என்பது திட்டம். இதெல்லாம் தினசரிகளில் வந்ததுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மார்ச்சில் வந்த ஒரு சின்னச் செய்தி. ஊர்தி முதலில் ஆராய எடுத்துக்கொண்ட பாறைக்கு 'மாஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நவஹோ மொழியில் செவ்வாய்க் கோளுக்கு அதுதான் பெயர்.

நான் தமிழ் படித்தவன். பாறையைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். பெயரைப் பற்றி வேண்டுமானால் பேசலாம். 'மாஸ்' என்பது நவஹோச் சொல் என்கிறார்கள், சரி. ஆனால் காதில் விழும்போதே 'மார்ஸ்' நவஹோ நாக்கில் புரண்டு வந்த உருவம் போலத்தான் எனக்குப் படுகிறது. அப்படியென்றால் ரோமானியரின் போர்க்கடவுள் ஆங்கிலத்துக்குள் போய், அங்கிருந்து அரிசோனாப் பாலைவனத்துக்குப் போய், அந்த மக்களின் பேச்சாக மாறி, தன் சொந்தக் கோளுக்கே திரும்பியிருக்கிறது. மொழிக் கலப்பு பற்றி எழுதுகிற நண்பர்களுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

பெயர் வைத்த முறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். இறங்கிய இடம் 45 கிலோமீட்டர் அகலமுள்ள 'ஜெஸெரோ' பள்ளம். போஸ்னியாவிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. ஸ்லாவிய மொழிகள் சிலவற்றில் 'ஏரி' என்று பொருள். ஒருகாலத்தில் அங்கே நிஜமாகவே ஏரி இருந்தது. ஊர்தி போவதற்கு முன்னாலேயே அந்த நிலத்தைச் சுமார் 1.2 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூமியிலுள்ள ஒரு தேசியப் பூங்காவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆள் போகாத நிலத்துக்கு வரைபடம் முதலில் போய்விடுகிறது. சங்கிலி போட்டு அளந்த சர்வேக்காரர்களை நம் கிராமங்களும் கண்டிருக்கின்றன, அதனால் இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. ஊர்தி போய் இறங்கிய சதுரத்துக்கு வாய்த்த பெயர் அரிசோனாவிலுள்ள 'கேன்யன் டி ஷே'. நவஹோ நிலத்தின் நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு அது. 'ஷே' என்பதே, 'பாறைக்குள்ளே' என்று பொருள்படும் 'த்சேயி' என்ற நவஹோச் சொல்லை ஸ்பானியர்களும் பிறகு வந்தவர்களும் கடித்துத் துப்பியதில் மிஞ்சியதுதான்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு 1864 உண்டு. அந்த வருஷம் ஜனவரியில் கிட் கார்ஸனின் படை அதற்குள் நுழைந்தது. பயிர்கள் கொளுத்தப்பட்டன, பீச் மரங்கள் வெட்டப்பட்டன. பசியால் சரணடைந்த மக்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நியூமெக்சிகோவின் பாஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். 'நெடுநடை' என்று அதைச் சொல்கிறார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகே ஊர் திரும்ப முடிந்தது. தங்களை அவர்கள் 'தினே' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். 'மக்கள்' என்று அர்த்தம். 'நவஹோ' அடுத்தவர் வைத்த பெயர்.

அவர்கள் மொழியின் கதை இன்னும் விசித்திரமானது. அரசு நடத்திய உறைவிடப் பள்ளிகளில் தினே பிள்ளைகள் தம் மொழியைப் பேசினால் தண்டனை. சோப்பால் வாயைக் கழுவிவிட்டதை அங்கே படித்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1942இல் அதே அரசு அதே மொழியைத் தேடி வந்தது. பசிபிக் போர்முனையில் ஜப்பானியர்களால் உடைக்க முடியாத சங்கேதம் வேண்டியிருந்தது. முதலில் 29 தினே இளைஞர்கள், பிறகு நூற்றுக்கணக்கானோர். சண்டை முடிந்ததும் இதை வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு. 1968இல்தான் இரகசியம் நீக்கப்பட்டது. மூன்றாவது முறை 2021, செவ்வாய். ஒரு மொழியை அடித்து விரட்டிய அதிகாரம் அதை ஆயுதமாக எடுத்துக்கொள்கிறது, பிறகு அலங்காரமாக. இப்படி ஒரு வரி எழுதிவிட்டு நான் பேனாவை மூடியிருக்கலாம். பெயரிடுவது அதிகாரத்தின் செயல் என்று ஃபூக்கோவைப் படித்த பிறகு நாமெல்லாம் எழுதிப் பழகியிருக்கிறோம், கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது.

ஆனால் இங்கே சூத்திரம் இடறுகிறது. பெயர்களைக் கேட்கலாம் என்று முன்கை எடுத்தவர் ஏரன் யாஸி. அவரும் ஒரு தினேதான். நாசாவின் ஆய்வகத்தில் பொறியாளர், பாறையைத் துளைக்கிற அலகுகளை வடிவமைத்ததில் பங்குள்ளவர். அவர் நவஹோ தேசத்தின் அனுமதியைக் கேட்டார். அதன் தலைவர் ஜோனாதன் நெஸ், துணைத்தலைவர் மைரன் லைஸர் இவர்களின் அலுவலகம் சொற்பட்டியல் தந்தது. முதலில் 50 சொற்கள். வலிமை, மரியாதை, அலைபோல் வரிசையாகக் கிடக்கும் கூழாங்கற்கள் என்றெல்லாம் பொருள்படும் சொற்கள். கேட்டு வாங்கிய சொற்கள் இவை. தன் மொழி இன்னொரு கோளில் இருக்கிறது என்று ஒரு தினேக் குழந்தை சந்தோஷப்பட்டால், அதைப் 'போலிப் பிரக்ஞை' என்று சொல்வதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிற நான் யார்?

ஒரு சின்ன விஷயம் மட்டும் உறுத்துகிறது. நவஹோ தொனியுள்ள மொழி. எழுத்தின் மேல் போடும் குறிகள் மாறினால் பொருள் மாறும். ஊர்தியின் கணினி மொழிக்கு அந்தக் குறிகளைப் படிக்கத் தெரியாது. ஆகவே குறிகளை உதிர்த்துவிட்டு வெறும் ஆங்கில எழுத்தில்தான் பெயர்கள் உள்ளே போயின. நம்முடைய ழகரம் ஆங்கிலப் பதிவேடுகளில் பட்ட பாடு ஞாபகத்துக்கு வந்தது.

ஊர்தி சில மாதங்களில் அடுத்த சதுரத்துக்கு நகர்ந்ததும் பெயர்கள் தென்பிரான்சுப் பெயர்களாக மாறிவிட்டன. 2021 ஆகஸ்டில் முதல் துளை போட்டபோது குழாய் காலி; பாறை பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தது. செப்டம்பரில்தான் முதல் துண்டு கிடைத்தது. ஆனாலும் 'மாஸ்', 'சேயிதா' என்ற இரண்டு நவஹோச் சொற்கள் அந்தப் பள்ளத்தின் இருவகைப் பாறை அடுக்குகளின் பெயர்களாக ஆய்வுக் கட்டுரைகளில் நிலைத்துவிட்டன.

நவஹோவில் பாறை சம்பந்தமான இன்னொரு சொல் உண்டு: 'லேட்சோ'. மஞ்சள் மண் என்று பொருள். யுரேனியத்துக்கு அவர்கள் சொல்வது அதுதான். 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுக்கப்பட்டது. முதலில் அணுகுண்டுக்கு, பல வருஷங்கள் அரசு ஒன்றே அதை வாங்கியது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தினே ஆண்கள். காற்றோட்டம் கிடையாது, முகமூடி கிடையாது. சுவரில் கசிந்த தண்ணீரைக் குடித்தார்கள், புழுதி படிந்த துணியோடு வீட்டுக்குப் போனார்கள், சுரங்கக் கல்லையே எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். இத்தகைய சுரங்கங்களில் நுரையீரல் புற்றுநோய் வருவது ஐரோப்பாவில் முன்பே தெரிந்த சங்கதி. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1950இலிருந்து இந்தத் தொழிலாளர்களைப் பரிசோதித்து வந்தது. எதற்காகப் பரிசோதனை என்பதை, ஆபத்து இன்னது என்பதை, அவர்களிடம் சொல்லவில்லை. ஆக அவர்களிடமிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டிருக்கிறது.

1979 ஜூலை 16ஆம் தேதி, நியூமெக்சிகோவில் நவஹோ நிலத்தை ஒட்டிய சர்ச் ராக்கில், யுரேனிய ஆலைக் கழிவைத் தேக்கிய அணை உடைந்தது. சுமார் 35 கோடி லிட்டர் கதிரியக்கத் தண்ணீரும் 1,100 டன் கழிவும் புவெர்கோ ஆற்றில் கலந்தன. ஆடு மேய்க்கிறவர்களின் ஆறு அது. அதே வருஷம் மார்ச்சில் நடந்த த்ரீ மைல் ஐலண்ட் விபத்து உலகத்துக்கே தெரியும். சர்ச் ராக் யாருக்குத் தெரியும்? தேதியை வைத்து ஜோசியம் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் முதல் அணுகுண்டு வெடித்ததும் ஒரு ஜூலை 16 (1945), அதே நியூமெக்சிகோவில். நிலவுக்கு அப்பல்லோ 11 கிளம்பியதும் ஒரு ஜூலை 16 (1969). அது கொண்டுவந்த இருபத்துச் சொச்சம் கிலோ கல்லைத் தூசி படாமல் பாதுகாத்தார்கள்.

பெர்சிவரன்ஸுக்கு மின்சாரம் தருவது 4.8 கிலோ ப்ளூட்டோனியம் டையாக்சைடு. அதற்கும் நவஹோச் சுரங்கத்துக்கும் ரசீது போட்டு நேர்க்கோடு இழுக்க என்னால் முடியாது, இழுக்கவும் மாட்டேன். ஒரே அணுத் தொழிலின் இரண்டு முனைகள் என்று மட்டும் சொல்லலாம்.

நான் யோசித்துக்கொண்டிருப்பது குழாய்களைப் பற்றி. ஊர்தியில் மொத்தம் 43 குழாய்கள். அவற்றில் ஐந்தில் பாறை போடுவதில்லை. அவற்றுக்குச் 'சாட்சிக் குழாய்' என்று பெயர். மாதிரி எடுக்கிற சமயத்தில், அதே இடத்தில், அதே அசைவுகளோடு இதையும் திறந்து மூடுவார்கள். பூமியிலிருந்து ஊர்தி தன்னோடு சுமந்துவந்த அழுக்கு ஏதாவது இருந்தால் அது இதில் பதிவாகும். நாளைக்குப் பாறையில் உயிரின் தடயம் தென்பட்டால், அது செவ்வாயுடையதா, நாம் கொண்டுபோனதா என்று இதை வைத்துத்தான் தீர்ப்பார்கள். போன இடத்தில் தான் என்ன அசுத்தம் செய்தோம் என்பதற்குத் தானே சாட்சி எடுத்து வைக்கிற விஞ்ஞானம்! இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அறிவின் ஒழுக்கம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். இதே தேசத்து அரசு தன் நிலத்துக்குள்ளேயே 3 கோடி டன் பாறையைத் தோண்ட வைத்து வாங்கியபோது ஒரு சாட்சிக் குழாய்கூட வைக்கவில்லை. சாட்சி சொல்கிற வேலை செத்துக்கொண்டிருந்த தொழிலாளியின் தலையில் விழுந்தது. 1990இல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் விதவைகளிடம் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். சடங்கு செய்து வழக்கப்படி கல்யாணம் செய்துகொண்டவர்களிடம் ஏது காகிதம்? எழுத்தில் வராத வாழ்க்கை ஆவணக் காப்பகத்தின் கண்ணில் வாழ்க்கையே இல்லை. 2000இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 ஜூனில் அது காலாவதியானது. 2025 ஜூலையில் மறுபடி உயிர் பெற்றது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூறுக்கும் மேல், இன்னும் பெரும்பாலானவை சுத்தம் செய்யப்படாமல். 2005இலேயே நவஹோ தேசம் தன் எல்லைக்குள் யுரேனியம் தோண்டத் தடைச் சட்டம் போட்டுவிட்டது.

செவ்வாயின் குழாய்களும் வீடு வந்து சேரவில்லை. 2023 ஜனவரி முடிவில் 'த்ரீ ஃபோர்க்ஸ்' என்ற இடத்தில் பத்துக் குழாய்களை ஊர்தி தரையில் இறக்கி வைத்தது. பாறை ஏழில், மண் ஒன்றில், காற்று ஒன்றில், சாட்சி ஒன்று. மற்றவை அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. 2024 ஜூலையில் கண்ட ஒரு பாறையில் பழைய நுண்ணுயிர்களின் தடயமாக இருக்கக்கூடிய புள்ளிகள் தெரிந்து, அதன் துண்டும் அங்கேதான் காத்திருக்கிறது. மாதிரிகளைக் கொண்டுவர 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 வரை இழுக்கும் என்று 2024 ஏப்ரலில் நாசாவே ஒப்புக்கொண்டது. 2025 மே மாத பட்ஜெட் முன்மொழிவில் வெள்ளை மாளிகை அந்தத் திட்டத்தையே கைவிடச் சொன்னது. அதனால் அந்தப் பத்தும் இறக்கி வைத்த இடத்திலேயே, மூடி திறக்கப்படாமல், செவ்வாயின் புழுதியில் கிடக்கின்றன.