குப்பி ஒன்று, மருந்து இரண்டு

இங்கிலாந்தில் டேவிட் ஜாக் தலைமையிலான ஆய்வுக்குழு ஆஸ்துமாவுக்கு இரண்டு இன்ஹேலர்களைத் தந்தது. 1969இல் வந்த சால்பூட்டமால், இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். 1972இல் வந்த பெக்லோமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை நாள்பட ஆற்றும். ஆஸ்துமாவின் வேர் அந்த வீக்கம்தான். ஆனால் மூச்சு முட்டுகிறவருக்கு உடனே இதம் தருவது முதல் மருந்து; கை அதையே தேடும். இழுத்தால் எந்த மாற்றமும் தெரியாத ஸ்டீராய்டு அலமாரியில் கிடக்கும். நோயாளியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை.

1990இல் சால்மெட்டரால் வந்தது. ஒருமுறை இழுத்தால் 12 மணி நேரம் குழாயைத் திறந்து வைக்கும். அதுவரை, நோய் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு அளவைக் கூட்டுவதே மருத்துவர்களின் வழக்கம். 1994இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு அதை அசைத்தது. ஸ்டீராய்டை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியவர்களைவிட, பழைய அளவோடு சால்மெட்டராலைச் சேர்த்துக்கொண்டவர்கள் நன்றாக மூச்சுவிட்டார்கள். இரண்டையும் ஒரே குப்பியில் அடைக்கும் எண்ணத்துக்கு இது வலுத் தந்தது. சால்மெட்டராலும் ஃபுளூட்டிக்கசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த இன்ஹேலர் முதலில் வந்தது. 2000இல் ஸ்வீடனில், சால்மெட்டரால் வகையைச் சேர்ந்த ஃபார்மோட்டராலும் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டும் சேர்ந்தது அனுமதி பெற்றது.

அந்தச் சேர்க்கை வெறும் வசதிக்காக அல்ல என்பதைக் காட்டியது அமெரிக்காவில் சுமார் 26,000 பேரிடம் நடந்த ஆய்வு. வழக்கமான சிகிச்சையோடு சால்மெட்டராலைத் தனி இன்ஹேலராகப் பெற்றவர்களில் 13 பேர் ஆஸ்துமாவால் இறந்தார்கள். பெறாதவர்களில் 3 பேர். ஸ்டீராய்டோடு சேர்ந்த குப்பியில் அந்த அபாயம் கூடவில்லை என்று பிற்காலப் பெரிய ஆய்வுகள் காட்டின. அதன்பேரில் 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கூட்டு இன்ஹேலர்களின் மேலிருந்த கடும் எச்சரிக்கையை நீக்கியது. ஆஸ்துமாக்காரர் ஒருவர் சால்மெட்டரால் வகை மருந்தை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக இழுக்கவே கூடாது என்பேன்.

இரண்டு கூட்டுகளில் எது மேல்? தினசரிக் கட்டுப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஃபார்மோட்டரால் சில நிமிடங்களிலேயே வேலைசெய்யும், சால்மெட்டரால் மெதுவாகத்தான். அதனால் ஃபார்மோட்டரால் கூட்டை அன்றாடத்துக்கும் அவசரத்துக்கும் ஒரே இன்ஹேலராக வைத்துக்கொள்ளலாம். அவசரத்தில் இழுக்கும்போதும் ஸ்டீராய்டு உள்ளே போய்விடுகிறது. எனக்கு இதுவே பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலும் சால்பூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்கிறது.

உங்கள் வீட்டில் நீல நிற சால்பூட்டமால் இன்ஹேலர் மட்டும் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் கூட்டு இன்ஹேலர் பற்றிக் கேளுங்கள். கூட்டு இன்ஹேலர் கொடுத்தால், இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்; வாய்ப்புண் வரும் அபாயம் குறையும். மூச்சு சீரானபின்னும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.