பால் பல்லுதானே!

நாலரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் தங்கச்சி வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் ரெண்டாம் படி ஏறிவிட்ட மருமகள் (அப்போது ரெண்டே கால் வயது) வழுக்கி, வாசல் கடப்பாக் கல்லில் வாய் மோத விழுந்தாள். மேல் முன் பல் ஒன்று வேரோடு கையில் வந்துவிட்டது. பக்கத்துப் பல் ஈறுக்குள் பாதி போய்விட்டது. ஒரே ரத்தம்.

அம்மா திருநெல்வேலிக்காரி. பதறவே இல்லை. "பால் பல்லுதானல, விழுந்தா மொளைக்கும்" என்றாள். தங்கச்சியோ விழுந்த பல்லைக் கழுவி கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, "அண்ணே, இத திரும்ப வச்சு ஒட்ட முடியுமா?" என்று அழுதாள். டெபிட், கிரெடிட் தவிர வேறொன்றும் தெரியாத நான் என்ன சொல்ல? பக்கத்துத் தெருவில் பல் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், உள்ளே போனதைப் பிடுங்கிவிடுவார் என்று யாரோ சொன்னார்கள். நல்லவேளை, போகவில்லை. மறுநாள் காலை மாஹிமில் ரயிலேறி, மும்பை சென்ட்ரலில் இறங்கி, நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம்.

அன்று வரிசையில் உட்கார்ந்திருந்தபோது தொற்றிக்கொண்ட ஆர்வம்தான் இந்தப் பதிவு. அந்தக் கல்லூரி 1933-ல் தொடங்கியது. டாக்டர் ஏ.எல். நாயர் தன் தாயார் பாய் யமுனாபாய் லக்ஷ்மண் நாயர் பெயரில் நடத்திய ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. பி.ஒய்.எல். என்று பலகையில் இருப்பது அந்த அம்மாளின் பெயர்தான். இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் எனக்கு இது தெரியாது! இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதற்கும் முன்னால் 1920-ல் கல்கத்தாவில் வந்துவிட்டது. அமெரிக்காவில் அயோவாவில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது ஆரம்பித்தது. நம் சென்னைக்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் அதுவரை ஜனங்கள் எங்கே போனார்கள்? நடைபாதையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல் செட்டை அடுக்கி வைத்திருப்பவரிடம். அல்லது சீன டாக்டரிடம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த சீனப் பல் வைத்தியர்களில் பலர் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். அப்பாவிடம் பிள்ளை கற்றுக்கொண்ட தொழில். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது இவர்களையெல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. அதனால் பதிவேட்டை ரெண்டாகப் பிரித்தார்கள். பட்டம் பெற்றவர்கள் ஏ பகுதி, பட்டமில்லாமல் ஏற்கெனவே பல வருஷம் தொழில் செய்தவர்கள் பி பகுதி. பேங்க்காரன் புத்திக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது. பழைய கணக்கைத் திடீரென்று மூட முடியாது, புதுக் கணக்கை ஒழுங்காகத் திறக்கலாம்.

சரி, தங்கச்சியின் கேள்விக்கு வருவோம். விழுந்த பல்லைத் திரும்ப வைப்பது புதிய யோசனையே இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் அம்ப்ருவாஸ் பாரே இதை எழுதியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஜான் ஹன்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார்! 1771-ல் பற்களைப் பற்றி அவர் புத்தகம் வந்தது. அந்தக் காலத்தில் பணக்காரர் வாய்க்கு வேண்டிய நல்ல பல்லை ஏழைப் பிள்ளைகளிடம் காசு கொடுத்துப் பிடுங்கி வாங்கினார்கள். தாராவியில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒட்டிய பல் ரொம்ப நாள் நிற்கவுமில்லை. பல்லோடு நோயும் வந்ததாகப் புகார் எழ, அந்தப் பழக்கம் ஒழிந்தது.

பால் பல்லில் விஷயமே வேறு. அதை எங்களுக்குப் புரிய வைத்தது ஒரு சின்ன எக்ஸ்ரே. பால் பல்லின் வேருக்குப் பின்னால், எலும்புக்குள், நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருந்தது. விழுந்ததைத் திரும்பச் செருகினால் அந்தப் பிஞ்சுப் பல்லுக்குத்தான் ஆபத்து. அதனால் பால் பல்லைத் திரும்ப வைப்பதில்லை. (ஏழெட்டு வயதுக்கு மேல் நிரந்தர முன் பல் விழுந்தால் கதை தலைகீழ். வேரைத் தொடாமல் எடுத்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, உடனே குழியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஒரு மணி நேரம் காய்ந்துபோனால் பிழைப்பது கஷ்டம்.)

பால் பல்லுக்கு வந்த கேடு பின்னால் முளைக்கும் பல்லில் தழும்பாகத் தெரியும் என்று 1912-லேயே இங்கிலாந்தில் டர்னர் எழுதினார். அப்படிப்பட்ட பல்லுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டமாகப் பின்தொடர்ந்து முறையாகப் பார்த்தவர்கள் டென்மார்க்கின் யென்ஸ் ஆண்ட்ரியாசெனும் அவர் கூட்டாளிகளும், 1971-ல். விழும்போது வயது எவ்வளவு குறைவோ அவ்வளவு பாதிப்பு, பல் உள்ளே குத்திப் போயிருந்தால் இன்னும் அதிகம் என்று தெரிந்தது. உள்ளே போன பால் பல்லைப் பிடுங்கிவிடுவது ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், தானாக இறங்கும்வரை விடச் சொல்கிறது. பெரும்பாலும் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்.

எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள். மென்மையான பிரஷ், கொஞ்ச நாள் குழைந்த சோறு, சீழோ வீக்கமோ வந்தால் உடனே வர வேண்டும். தங்கச்சி தினமும் டார்ச் அடித்துப் பார்த்தாள். அஞ்சாம் மாதம் பல் இறங்கியது, ஆனால் சாம்பல் நிறத்தில். பால்வாடியில் பிள்ளைகள் கேலி செய்ததற்குத்தான் அவள் அதிகம் அழுதாள். வலியில்லை, சீழில்லை என்பதால் யாரும் அதைத் தொடவில்லை.

போன மாதம் அந்தச் சாம்பல் பல்லும் விழுந்தது. சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும் என்றாள் அம்மா. தாராவியில் சாணிக்கு எங்கே போவது? சும்மாவே தகரத்தின் மேல் எறிந்தோம், டங் என்று சத்தம். முதலில் விழுந்த பல்லின் இடத்தில் புதுப் பல் இப்போது பாதி வந்துவிட்டது. நுனியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. தங்கச்சி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, "இது அன்னைக்கு விழுந்ததாலயாண்ணே?" என்று கேட்டிருந்தாள். ஆமா, அப்படித்தான் இருக்கணும் என்று எழுதினேன். பக்கத்துப் பல் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.