லாப்ரடோரைட்: வண்ணம் காட்டும் கல்லின் வரலாறு

லாப்ரடோரைட் ஃபெல்ஸ்பார் குடும்பத்தைச் சேர்ந்த கனிமம். பார்வைக்குச் சாம்பல் நிறக் கருங்கல் துண்டு போலவே இருக்கும். வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் அதன் முகம் முழுவதும் நீலமும் பச்சையும் பொன்மஞ்சளுமாகச் சுடர்விடும். இன்னும் சற்றுத் திருப்பினால் சுடர் அணைந்துவிடும்.

கனடாவின் வடகிழக்கில், இனுவிட் மக்கள் வாழும் லாப்ரடோர் கடற்கரையில் இக்கல் கிடைத்தது. 1770ஆம் ஆண்டையொட்டி நெய்ன் அருகிலுள்ள பால் தீவிலிருந்து மொராவிய சபையின் சமயப் பணியாளர்கள் இதை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1780இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர் இதை விவரித்தார். பிறந்த மண்ணின் பெயரே கல்லுக்கு நிலைத்தது.

இந்த ஒளிக்குச் சாயப்பொருள் எதுவும் காரணமன்று. பாறைக்குழம்பு உறைந்து மிக மெதுவாக ஆறும்போது, கால்சியம் மிகுந்த பகுதியும் சோடியம் மிகுந்த பகுதியும் தனித்தனியே பிரிந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஏடுகளாக மாறிமாறி அடுக்கப்படுகின்றன. அந்த ஏடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன. ஏடு மெலிந்திருந்தால் நீலம் தெரியும். தடிக்கத் தடிக்க நிறம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மாறும். டென்மார்க்கின் கனிமவியலாளர் பெகில்ட் 1924இல் இதை விரிவாக ஆராய்ந்தார்.

அடுத்த திருப்பம் பின்லாந்தில் நேர்ந்தது. அங்கே கிடைத்த, வண்ணம் காட்டும் இக்கல்லின் மூலப்பாறை எங்கே இருக்கிறது என்று புவியியலாளர் ஆர்னெ லைத்தாகாரி பல ஆண்டுகள் தேடினார். 1940இல், சோவியத் எல்லையை ஒட்டி சல்பா அரண்வரிசை கட்டப்பட்டபோது, அவருடைய மகன் பெக்கா யூலமா என்னும் ஊரில் அந்தப் பாறையைக் கண்டார். சிவப்பு முதல் ஊதா வரை எல்லா நிறமும் காட்டிய இக்கல்லுக்கு ஸ்பெக்ட்ரோலைட் என்று தந்தை பெயரிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கல் வெட்டும் தொழில் வேரூன்றியது.

இக்கல்லின் அழகு அறுப்பவர் கையில் இருக்கிறது. உள்ளே ஏடுகள் எத்திசையில் படிந்திருக்கின்றன என்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவற்றுக்கு இணையாக அறுக்க வேண்டும். கோணம் தப்பினால் நல்ல கல்லும் வெறும் சாம்பல் துண்டாகிவிடும். பெரும்பாலும் பட்டை தீட்டாமல், அடியைத் தட்டையாக்கி, மேற்புறத்தைக் குமிழாக இழைத்து மெருகேற்றுவர். மோஸ் அளவில் இதன் கடினம் 6 முதல் 6.5 வரை. கடினம் 7 உள்ள குவார்ட்ஸ் மணல் துகளே இதில் கீறல் போடும். ஏறத்தாழச் செங்கோணத்தில் அமைந்த இரு தளங்களில் எளிதில் பிளக்கும் இயல்பும் உண்டு. அதனால் மோதிரத்தைவிடப் பதக்கத்துக்கும் காதணிக்கும் இது பொருந்தும்.

நகைக்கு உதவாத பெரும்பாளங்கள் கட்டடங்களுக்கு முகப்புக் கல்லாகின்றன. மாஸ்கோவின் லெனின் நினைவிடத்தில் கருநிற லாப்ரடோரைட் பதிக்கப்பட்டுள்ளது. 1975இல் நியூஃபவுண்ட்லாந்து–லாப்ரடோர் மாகாணம் இதைத் தன் கனிமமாக அறிவித்தது. இன்று நகைச்சந்தைக்கு வரும் கற்களில் பெரும்பங்கு மடகாஸ்கரிலிருந்து வருகிறது. எல்லா நிறமும் ஆழ்ந்து சுடரும் கல்லுக்கு யூலமாவின் பெயர் இன்றும் நிற்கிறது.