எழுத்தில் நின்ற கித்தார்

பரோக் காலக் கித்தாருக்குத் தந்தி வரிசைகள் ஐந்து. பெரும்பாலும் இரட்டைத் தந்திகள். 1606இல் ஜிரோலமோ மோன்டேசார்டோ ஃபிளாரன்சில் வெளியிட்ட நூல், கார்டு எனும் சுரக்கூட்டு ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தால் குறித்தது. 'ஏ' என்றால் ஜி மேஜர். 'பி' என்றால் சி மேஜர். புதிதாய்ப் பயில்வோர் இடறும் இடம் இதுவே. எழுத்து சுரத்தின் பெயரன்று, விரல்கள் அமரும் நிலை. இசைக்குறிப்பு அறியாதவரும் இதனால் கித்தார் மீட்டினர்.

சுருதி சேர்ப்பதில் வழக்கு ஒன்றாயில்லை. ரோமில் மெல்லிய தந்திகளே பூட்டினர், ஸ்பெயினில் நான்காம் ஐந்தாம் வரிசைகளுக்குத் தடித்தவையும் பூட்டினர் என்று காஸ்பர் சான்ஸ் 1674இல் எழுதினார். ஓசை மிகுந்த வாசிப்புக்குத் தடித்தவை, நுண்ணிய விரல்வாசிப்புக்கு மெல்லியவை என்பது அவர் கருத்து.

கவிஞர்களாகிய நம்மை நிறுத்துவது வேறொன்று. அக்கால இத்தாலியச் சுவடிகள் பலவற்றில் பாடலும் அதன்மேல் இவ்வெழுத்துகளுமே உள, மெட்டு இல்லை. அது பாடுவோர் நினைவில் இருந்தமையால் எவரும் எழுதிவைக்கவில்லை.