காசநோய் வீட்டுச் சிகிச்சை

காசநோயாளியை மருத்துவமனையில் தங்கவைக்காமல், வீட்டிலிருந்தபடியே மருந்து உண்ணச் செய்யும் முறை. இன்று பெங்களூரின் ஈஜிபுரா போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும் செல்வ நாடுகளின் நகரங்களிலும் வழங்கும் இம்முறைக்கு வலுவான முதற்சான்றைத் தந்தது சென்னை.

மருந்துகள் வருமுன் ஓய்வும் தூய காற்றும் நல்லுணவுமே சிகிச்சையாக இருந்தன. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் இத்தகைய சானடோரியம் (நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம்) நடத்திய டேவிட் சௌரிமுத்து, 1928இல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவோடும் ஓய்வோடும் இருந்தனர். மற்றவர் இடநெருக்கடி மிக்க வீட்டில், அரைகுறை உணவோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தனர். ஐசோநயாசிட், பாஸ் (PAS) ஆகிய மருந்துகள் இரு பிரிவினருக்கும் ஓராண்டு தரப்பட்டன. பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிச்சமிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போனதா என்று பார்த்தனர். வீடுதேடிச் சென்ற இந்தப் பொறுமையான பணிதான் ஆய்வின் முதுகெலும்பு. 1959இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் கூடியது. நோய் தணிந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு கண்காணிப்பில், வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை.

மேலை நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இவ்வாய்வின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. புதிய மருந்துகளாலேயே அவை காலியாகத் தொடங்கிவிட்டன என்பாரும் உளர். மருந்தைப் பணியாளர் கண்முன் விழுங்கச் செய்யும் முறையும் சென்னை அனுபவத்தில் வளர்ந்ததே. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோய் மீண்டும் பெருகியபோது அந்நகரம் இம்முறையையே பெரிதும் நம்பியது.

1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது தும்கூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு, நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ உதவி நாடி, இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டதைக் காட்டியது. 1962இல் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டு தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது.

அறிவு சென்னையிலிருந்து வெளியே போனது போல, புதிய மருந்துகள் எளிதாக உள்ளே வரவில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுயிலின் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை, நோயிலிருந்து மீண்ட இந்தியப் பெண் ஒருவரும் தென்னாப்பிரிக்கப் பெண் ஒருவரும் எதிர்த்தனர். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அதை நிராகரித்தது. மூலக் காப்புரிமை அவ்வாண்டு ஜூலையில் காலாவதியானது.