கையடக்க ஜிபிஎஸ்ஸும் தலப்படமும்

கையடக்க ஜிபிஎஸ் கருவி தரும் இட எண்களை, ‘டோப்போ ஷீட்’ என்று வழங்கும் அச்சிட்ட தலப்படத்தில் குறித்து வழியறியும் முறை மலையேறுவோர், வனத்துறையினர், நிலவியலாளர்கள், மீட்புக் குழுவினர் ஆகியோரிடம் வழக்கில் உள்ளது. 2000ஆம் ஆண்டு மே மாதம், பொதுப் பயன்பாட்டுக்கான அலைவரிசையில் வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. அதன்பின் திறந்தவெளியில் சில மீட்டர் துல்லியத்துடன் இடமறிவது எளிதாயிற்று. ஆனால் கருவி கைக்கு வந்ததும் தாள் தேவையற்றுப் போய்விட்டது என்ற எண்ணம் தவறானது. கருவியின் சிறிய திரையில் ஒரு பள்ளத்தாக்கின் முழு வடிவமும் தெரிவதில்லை. அடுத்த முகடு எங்கே, ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்தச் சரிவில் கால் வைக்கவே கூடாது என்பதெல்லாம் விரித்த தாளில் ஒரே பார்வையில் தெரியும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள், அட்சத்திலும் தீர்க்கத்திலும் 15 நிமிடப் பரப்பைக் கொண்டது. தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் பழுப்பு நிறத்தில் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். ஐந்தாவது கோடு தோறும் தடித்திருக்கும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. கொடைக்கானல் நகரம் 58 எஃப்/8 என்னும் தாளின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கேயோ கிழக்கேயோ சற்று நடந்தாலும் அடுத்த தாள் வேண்டியிருக்கும்.

கருவியும் தாளும் முரண்படுவதற்கு முதற்காரணம் டேட்டம், அதாவது பூமியின் வடிவத்தையும் அதன் மீதான அளவைத் தொடக்கத்தையும் குறித்த கணக்கு. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. இந்தியாவின் பழைய தலப்படங்களோ எவரெஸ்ட் நீள்வட்டக் கணக்கில் வரைந்தவை. 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழியில், ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வகுத்த கணக்கு அது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு நன்கு பொருந்தும்படி அமைந்ததால் அது உலகப் பொதுக்கணக்கிலிருந்து விலகி நிற்கிறது. தமிழ்நாட்டில் இந்த விலகல் ஏறத்தாழ 200 மீட்டர். தாளில் பார்த்தால் 4 மில்லிமீட்டர்தான், ஆனால் காட்டில் ஓடையின் எதிர்க்கரைக்குக் கொண்டுபோக அது போதும். எனவே தாளின் ஓரக்குறிப்பைப் படித்து, கருவியின் அமைப்பில் இந்தியாவுக்குரிய டேட்டத்தைத் தேர்ந்த பிறகே புறப்பட வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைப்படி வெளிவந்த பொதுவரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கிலேயே உள்ளதால், அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்த பிழை எண்களை வாசிப்பதில் நேர்வது. கருவி வடக்கு 10 பாகை 12.500 நிமிடம், கிழக்கு 77 பாகை 22.000 நிமிடம் எனக் காட்டுவதாகக் கொள்வோம். தாளில் 5 நிமிடத்துக்கு ஒரு கோடு உண்டு. 10 பாகை 10 நிமிடக் கோட்டிலிருந்து வடக்கே 2.5 நிமிடம் போக வேண்டும். இப்பகுதியில் அட்சத்தின் ஒரு நிமிடம் தரையில் 1.84 கிலோமீட்டர், தாளில் 3.7 சென்டிமீட்டர், ஆகவே அளவுகோலில் 9.2 சென்டிமீட்டர். 77 பாகை 20 நிமிடக் கோட்டிலிருந்து கிழக்கே 2 நிமிடம், அதாவது 7.3 சென்டிமீட்டர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூரிய பென்சிலால் புள்ளி. இந்த 12.500 என்பது 12 நிமிடம் 30 விநாடி. பதற்றத்தில் அதை 12 நிமிடம் 50 விநாடி என்று வாசித்தால் புள்ளி 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப்போகும். பனிமூட்டத்தில் இவ்வளவு பிழை ஆளைப் பாறை விளிம்புக்கும் கொண்டுபோகலாம். ஆகவே குழுவில் இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் கட்டம் அச்சிட்ட தாளில் கணக்கு மீட்டரில் வருவதால் வேலை எளிது. மண்டல எண்ணை மட்டும் கவனிக்க வேண்டும். 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிப்பதால் கொடைக்கானல் 43ஆம் மண்டலத்திலும் ஏற்காடு 44ஆம் மண்டலத்திலும் வருகின்றன. தாளைத் திசைப்படுத்தும்போது, காம்பஸ் திசைக்கும் மெய்வடக்குக்கும் உள்ள வேறுபாடு தென்னிந்தியாவில் சிறிதே.

உயரத்தைப் பொறுத்தவரை கருவியை அளவோடு நம்ப வேண்டும். செயற்கைக்கோள்கள் தருவது கணித நீள்வட்டத்துக்கு மேலான உயரம். தாளில் இருப்பது சராசரிக் கடல் மட்டத்துக்கு மேலான உயரம். உலகிலேயே கடல் மட்டம் இந்த நீள்வட்டத்துக்குக் கீழே மிக ஆழமாக இறங்குவது இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், நூறு மீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டிலும் இந்த இறக்கம் ஏறத்தாழ 90 மீட்டர் இருக்கிறது. பெரும்பாலான கருவிகள் உள்ளேயே இதைத் திருத்திக் காட்டும். ஆயினும் உயரப் பிழை கிடைமட்டப் பிழையைவிடக் கூடுதல். காற்றழுத்தமானி உள்ள கருவியை, தாளில் உயரம் குறித்த ஓர் இடத்தில் நின்று சரிசெய்துகொண்டால் அன்றைய நடைக்கு அது உதவும்.

அடர்ந்த சோலைக்காட்டிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் அலைகள் தடைபடுவதாலும் பாறையில் பட்டுத் திரும்புவதாலும் புள்ளி அலையும். அங்கே ஓடைச் சந்திப்பு, முகடு போன்ற நில அடையாளங்களைத் தாளோடு ஒப்பிடுவதே உறுதியான வழி. நில அடையாளங்கள் நிலைத்தாலும் மனிதர் போட்ட பாதைகள் மாறிவிடும். பழைய தாள்கள் காட்டும் கொடைக்கானல்–மூணாறு மலைச்சாலை இன்று பொதுப் போக்குவரத்துக்கு மூடியிருக்கிறது. அதன் வழியிலுள்ள பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதி வேண்டும். கருவியின் வகையைப் பொறுத்தும் அனுமதி தேவைப்படலாம். சாதாரண ஜிபிஎஸ் கருவி அலையை வாங்க மட்டுமே செய்யும். செயற்கைக்கோள் வழியே செய்தியும் அனுப்பும் கருவிகளை இந்தியாவில் அரசு அனுமதியின்றி வைத்திருந்தால் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாக நேரும்.