ஆர்.ஆர்.: கைமாறிய ஒரு சொல்

“ஷூட்டிங் முடிஞ்சிடுச்சு, ஆர்.ஆர். போய்க்கிட்டிருக்கு” என்று கோடம்பாக்கத்தில் ஒருவர் சொன்னால், இசையமைப்பாளர் படத்துக்குப் பின்னணி இசை சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ரீ-ரெக்கார்டிங்கின் சுருக்கம் அது. ஹாலிவுட்டில் ரீ-ரெக்கார்டிங் மிக்ஸர் என்றாலோ ஒலிப்பொறியாளர். அவர் ஒரு ஸ்வரமும் எழுதுவதில்லை. வசனம், இசை, சத்தங்கள் மூன்றையும் ஏற்றி இறக்கி ஒன்றாக்கித் தருவதே அவர் வேலை.

சொல்லின் பூர்வீகப் பொருள் அதுதான். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) வந்த காலத்தில் பேச்சு, பாட்டு, பக்கவாத்தியம் எல்லாம் படப்பிடிப்பிலேயே பதிவாயின. பதிந்த ஒலியை இன்னொரு முறை பதிந்தால் இரைச்சல் கூடிவிடும். 1930களில் கருவிகள் தேறிய பிறகே, தனித்தனியாகப் பதிந்தவற்றைக் கலந்து ஒரே பட்டையில் மறுபடி பதிவது வழக்கமாயிற்று. அந்த ‘மறுபடி’தான் இந்தச் சொல்லில் உள்ள ‘ரீ’.

சென்னையில் பொருள் நகர்ந்ததற்குக் காரணம் வேலை நடந்த விதம். ரீ-ரெக்கார்டிங் தியேட்டரில் படம் ரீல் ரீலாக ஓடும். ஆயிரம் அடி ரீல் என்றால் சுமார் 11 நிமிடம். வயலின்காரர்கள், தபலாக்காரர், புல்லாங்குழல்காரர் எல்லாரும் இசைக்குறிப்போடு காத்திருப்பார்கள். நடத்துநர் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைக் குறிப்பிலும் வைத்துக் கையசைப்பார். நாயகி கதவைத் திறக்கும்போது எழவேண்டிய வயலின் சற்றுப் பிந்தினாலும் ரீலைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி வாசிக்க வேண்டும். அந்த அறைக்குள் எட்டிப்பார்த்த எவருக்கும் ரீ-ரெக்கார்டிங் என்றால் வாத்தியக் கோஷ்டிதான் கண்ணில் படும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொறியாளர் படமாட்டார். பழைய டைட்டில்களில் ‘பாடல் பதிவு, ரீ-ரெக்கார்டிங்’ என்ற வரி ஒலிப்பதிவாளருக்குரியது. பேச்சுவழக்கில் அது இசையமைப்பாளரிடம் போய்விட்டது. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் பின்னணி இசையை ரசிகர்கள் தனியே கவனித்துப் பேசத் தொடங்கியதும் அந்த உரிமை உறுதியாயிற்று.

கணினி வந்தபின் ரீலும் போயிற்று, ஒரே கூடத்தில் கூடி வாசிப்பதும் அருகிப்போயிற்று. படத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு இசையமைப்பாளர் தன் ஸ்டூடியோவிலேயே இசை சேர்க்கிறார். அங்கே எதுவும் ‘மறுபடி’ பதிவாவதில்லை. ஆனாலும் பெயர் ஆர்.ஆர்.தான். பொறியாளரின் வேலைக்கு மிக்ஸிங் என்று வேறு பெயர் வந்துவிட்டது.

இரண்டு பொருளும் 57ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அருகருகே நின்றன. 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான அந்த விருதுகளில் ‘பழசிராஜா’வுக்காக இளையராஜா பெற்றது பின்னணி இசை விருது. ரீ-ரெக்கார்டிஸ்ட் என்ற பெயரிலான விருது ‘3 இடியட்ஸ்’ படத்தின் ஒலிக்கலவைக்காக அனுப் தேவுக்குப் போயிற்று. விருதுப் பட்டியல் ஹாலிவுட் அகராதியைப் பின்பற்றியது. கோடம்பாக்கம் தன் வழக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது பிஜிஎம் என்ற சொல்லும் போட்டிக்கு வந்திருக்கிறது. ஆனால் “படம் பிஜிஎம்மில் இருக்கிறது” என்று எந்தத் தயாரிப்பாளரும் சொல்வதில்லை. செய்யும் வேலைக்கு ஆர்.ஆர்., காதில் விழும் இசைக்கு பிஜிஎம் என்று தமிழ் சினிமா பாகம் பிரித்துக்கொண்டுவிட்டது.